மாதிரி கார்டில் அடித்த ரத்தம்

...அதான் சிஸ்டர் நானும் கேக்குறேன், பொண்ணு பொறந்த அன்னிக்கு அப்பன்காரனைப் புடிச்சு ஊசி குத்துறது எந்த ஊரு நியாயம்? என்னது, குத்தியாச்சா? எப்ப? அட, தெரியவே இல்லையே! இதுக்குப் போயா முப்பத்தஞ்சு வருசமா பயந்து ஓடினேன்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், பொண்ணு. காலைல ஆறரைக்கு. மூணு கிலோ நூறு. மூக்கு அவங்கம்மாது, சத்தம் என்னுதுன்னு நர்ஸம்மாவே சொல்லிட்டாங்க. கால் தரையில பாவல சிஸ்டர் எனக்கு. அந்த நேரம் பாத்து டாக்டரம்மா வந்து, ரத்தத்துல அம்மா நெகட்டிவ், அப்பாவும் நெகட்டிவ், கொழந்தை மட்டும் எப்படிங்க பாசிட்டிவ், அப்படி வராதேன்னு ஃபைலையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்குறாங்க. நான் சும்மா இருப்பேனா? லேப்புல ரத்த டியூபை மாத்திட்டாங்கன்னு ஒரு பிடி பிடிச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க, அது நீங்கன்னு எனக்குத் தெரியாது. மறுபடியும் பாத்தீங்களாமே. அப்பவும் பாசிட்டிவ்வாம்.

அது என்ன, வெள்ளை டைல்ல சொட்டு சொட்டா... ஓ, திரிஞ்சா பாசிட்டிவ், அப்படியே கெடந்தா நெகட்டிவ்வா? ரெண்டு நிமிசமா? சரி சரி, பாருங்க. நான் வாயே திறக்கல.

...எங்கம்மா இருக்காங்களே, அதைக் கேட்டதும் கொழந்தையைத் தொட்டில்ல வெச்சுட்டு வெளிய வந்து இந்த லேப் வாசல் பெஞ்சுல உக்காந்துட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. எங்கம்மா பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல சிஸ்டர், இந்த வாய் எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க? எதுக்கு அப்படி எழுந்து போனாங்கன்னு எனக்கே புரிஞ்சிடுச்சு, என் பொண்டாட்டிக்குப் புரியாதா? தையல் போட்ட ஒடம்போட படுத்திருக்கா, மெதுவாத்தான் கேட்டா.

"உங்க ரத்தத்தை என்னிக்குங்க டெஸ்ட் பண்ணீங்க?"

இதுவரைக்கும் பண்ணதே இல்லன்னு ஒத்துக்கிட்டேன்.

அது வந்து சிஸ்டர்... நமக்கு ஐடி கார்டு அடிக்கிற கடை. ஸ்கூலு, கம்பெனி எல்லாம் நம்மகிட்டதான். மாதிரிக்கு ஒரு கார்டு கவுண்டர்ல தொங்கணுமில்ல? என் போட்டோவைப் போட்டு அடிச்சேன். எல்லாக் கட்டமும் ரொம்பிடுச்சு, ரத்த வகைங்கிற கட்டம் மட்டும் காலி. காலியா விட்டா பாக்க நல்லாவா இருக்கும்? கல்யாணமாகி நாலே நாளு. அவளுக்கு என்னன்னு கேட்டேன், பி நெகட்டிவ்னா. அதையே எனக்கும் அடிச்சுட்டேன். ஜோடிப் பொருத்தமாம்! பர்ஸுக்கும் ஒண்ணு லேமினேட் பண்ணிக்கிட்டேன். போகப் போக எனக்கே அது நெசமாயிடுச்சு.

ஏழாவது மாசம் டாக்டரம்மா கேட்டாங்க, வீட்டுக்காரர் என்ன குரூப்புன்னு. அவரு பாசிட்டிவ்னா கொழந்தையும் பாசிட்டிவ்வா இருக்கலாம், அந்த ரத்தம் கொஞ்சம் அம்மா ஒடம்புல கலந்துட்டா, அடுத்து வர்ற கொழந்தையை அந்த ஒடம்பே எதிரியாப் பாக்கும், அதுக்கு இப்பவே ஒரு ஊசின்னாங்க. நான் கெத்தா கார்டை எடுத்து நீட்டினேன். டெஸ்ட் பண்ணதுதானேன்னாங்க. பின்ன இல்லியான்னேன். ஊசி வேணாம்னு எழுதிட்டாங்க. பக்கத்துல அவ, என்னை நம்பி, தலையை ஆட்டிட்டு உக்காந்திருந்தா.

நல்ல வேளை, அவ ரத்தத்துல எதிர்ப்பு ஒண்ணும் உண்டாகலன்னு இப்பதான் சொன்னாங்க. இனி உண்டாகாம இருக்க ஊசியும் போட்டாச்சு, பொறந்து மூணு நாளுக்குள்ள போட்டாப் போதுமாம். கேட்டதும் எனக்கு ஆடணும் போல இருந்துச்சு. ஆனா அவ என் பக்கம் திரும்பவே இல்ல. ரத்தத்தை டெஸ்ட் பண்ணிட்டு சீட்டோட வாங்க, அப்புறம் கொழந்தையைத் தூக்கலாம்னுட்டா. நான் இன்னும் பொண்ணைத் தொடக்கூட இல்ல சிஸ்டர்.

என்ன, ஆயிடுச்சா? எங்க... அட ஆமா, கட்டி கட்டியா... பாசிட்டிவ். நான் பாசிட்டிவ் சிஸ்டர்! குடுங்க, குடுங்க அந்தச் சீட்டை. இல்ல, எங்கம்மாவுக்கு நீங்க வந்து விளக்க வேணாம். நானே சொல்லிக்கிறேன். கதவை மட்டும் திறந்து விடுங்க.

அம்மா, இங்க பாரும்மா. மருமகளைச் சந்தேகப்பட்டியே... பொய்யை அச்சடிச்சு மாட்டி வெச்சது உன் புள்ளம்மா. எந்திரி. ரெண்டு பேருமா போய் அவகிட்ட மன்னிப்பு கேப்போம். நீ இல்ல, மொதல்ல நான்.