குளிர் மட்டும் நான் சேர்த்தது

எனக்கு மழை பிடிக்கும், பாதிரியாரே. அதுவும் வேல்ஸ் மலைகளில் பெய்கிற மழை, ஆள், குதிரை என்று வித்தியாசம் பார்க்காமல் மானத்தை வாங்கிவிடும். அந்த வருஷம் எங்கள் இங்கிலாந்து ராஜாவின் படை தன் ஆற்றங்கரைக் கோட்டையைச் சுற்றிச் சேற்றில் புதைந்து கிடந்தது. வண்டிகள் நகரவில்லை. ரொட்டி பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிட்டது. ராஜா ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்தார்.

நான் அவருடைய துபாஷி. அப்பா ஆங்கிலேயர், என்னைப் பாலூட்டி வளர்த்தது மலைமேல் ஒரு வேல்ஸ் வீடு. அந்த வீட்டுப் பிள்ளை இத்னெர்த்தும் நானும் ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள். இப்போது அந்த மலைகளுக்கு அவன்தான் தலைவன். அதனால் தளபதியிடம் யோசனை சொன்னேன்: மலையேறி அவனைப் பிடிப்பானேன், விருந்துக்குக் கூப்பிட்டால் அவனே இறங்கி வருவானே.

அழைக்க நான்தான் போனேன். இத்னெர்த் என்னைக் கட்டிக்கொண்டு ஆட்டுக்கறி போட்டான்.

“என்னடா ஹமோ, உங்க ராஜா நனைஞ்ச கோழி மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறாராமே?”

“கோழிதான். ஆனா விருந்து நல்லா போடும். வந்து பாரு.”

விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், “நம்பி வரலாமாடா?” என்றான்.

“நான் இருக்கேன்ல.”

அவன் தம்பிகள் இருவரையும் கூட்டிவரச் சொன்னேன். வாரிசு என்று ஒருவன் மிஞ்சினால், மறுபடி இந்த மழைக்கு நாங்கள்தானே வர வேண்டியிருக்கும்.

கோட்டைக்குள் விருந்து பிரமாதம். பன்றிக்கறி, தேன்மது. வாள்களை மரியாதையாக வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். இத்னெர்த் பாடினான், ராஜா மேசையில் தாளம் போட்டார். பிறகு எங்கள் அரண்மனை மொழியான பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

“என்னவாம்?” என்றான் இத்னெர்த்.

“குளிருதாம். கதவைச் சாத்தச் சொல்றாரு.”

கதவைச் சாத்தத்தான் சொன்னார். குளிர் மட்டும் நான் சேர்த்தது.

எங்கள் வீரர்கள் வெட்டியதில் தம்பிகள் இருவரும் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார்கள். இத்னெர்த் என்ன செய்தான் தெரியுமா? என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வெறுங்கையோடு முன்னால் நின்றான். என்னையும் வெட்ட வருகிறார்கள் என்று நினைத்துவிட்டான். பெஞ்சைத் தூக்கிச் சுழற்றினான். பலசாலி, ஒருவராலும் நெருங்க முடியவில்லை. இழுத்துக்கொண்டே போனால் அவனுக்குத்தானே வேதனை?

பின்னாலிருந்து அவன் கைகள் இரண்டையும் நான் பிடித்துக்கொண்டேன். சீக்கிரம் முடிந்தது. கூடவே வளர்ந்தவனுக்கு அதைக்கூடச் செய்யாமல் விட முடியுமா, சொல்லுங்கள்.