பென்சில் பூசின கன்னம்

...ம்-ன்னா எந்த ம்? ஆமாங்குற ம்-மா, இல்லைங்குற ம்-மா? சரி, தலைய ஆட்டாதீங்க, கையில பிளேடு இருக்கு. வாதம் இழுத்த பக்கம் அறுத்தாலும் உங்களுக்குத் தெரியாது, ரத்தத்தத் தொடைக்கப்போறது நான்தான்.

ஆள் வர்றாங்க, மூஞ்சி பளிச்சுன்னு இருக்கட்டும்னு சொன்னதும் பச்சப்புள்ள மாதிரி தாடையக் காட்டுறீங்க பாருங்க. வாசலையே பாக்குறீங்க. மகதான வரணும் உங்களுக்கு? தெரியுதுங்க. உங்களோட குப்ப கொட்டினவளுக்கு இது தெரியாதா.

கன்னத்த உப்புங்க. முடியலையா? நானே இழுத்துக்குறேன்.

நேத்து அவ படத்தையெல்லாம் கண்காட்சியா மாட்டியிருக்குற எடத்துக்குப் போனேன்ல, அதச் சொல்லி முடிக்கவே இல்ல. பெரிய ஹாலுங்க. சும்மா பேசினாலே எதிரொலிக்குது. உள்ள நொழஞ்சதும் ஆள் ஒசரத்துக்கு ஒரு பொம்பள படம், மடியில கொழந்தையோட. அய்யோ பாவம், எங்க விழுந்து தொலச்சாளோன்னு நெனச்சேன். கிட்டப் போயி பாத்தா, நான்.

சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா? வாய் கோணினதுலேருந்து எனக்கு வித்தியாசமே தெரிய மாட்டேங்குது.

நம்ம கூடத்துல தொங்குதே, அதே படந்தான். நீங்க நம்ம ஸ்டூடியோவுல எடுத்தது. கூடத்துல இருக்குறதுல என் கன்னம் தொடச்சு வெச்ச பாத்திரம் மாதிரி இருக்கும். அங்க கண்ணுக்குக் கீழேருந்து தாட வரைக்கும் கறுப்பு. எந்த வெரல் எங்க பட்டுச்சுன்னு கூட சொல்லிடலாம்.

எப்படின்னு முழிக்கிறீங்க. பரண்ல கெடந்த நெகட்டிவ் பெட்டிய அவ தூக்கிட்டுப் போனப்போ, போறதுதான் போற, அந்தக் குப்பையையும் கூட்டிட்டுப் போன்னு நக்கலடிச்சீங்களே, அந்தப் பெட்டிதான். கல்யாணப் பொண்ணுங்க மொகத்துல பரு இருந்தா நெகட்டிவ்ல பென்சிலால பொட்டுப் பொட்டா பூசி மறைப்பீங்க. அம்மைத் தழும்பு கூட காணாமப் போயிடும். அந்தக் கை ஊர்ல வேற யாருக்கும் வராது, அதுல நான் கொறயே சொல்ல மாட்டேன். அதே பென்சிலத்தான என் கன்னத்துக்கும் எடுத்தீங்க. புள்ள கைக்கும் எடுத்தீங்க.

அடிச்சா மறுநாள் படம் புடிப்பீங்க. மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்த வராது. போயி மொகத்தக் கழுவிட்டு வா, ஸ்டூல்ல உக்காரு, புள்ளைய இன்னும் கிட்ட அணைச்சுக்க. அவ்வளவுதான் சமாதானம். உங்க தங்கச்சி வேற, ஒனக்கென்ன அண்ணி, எங்கண்ணன் ஒன்ன நிக்க வெச்சு நிக்க வெச்சுப் படம் எடுக்குறான்னு பொகைவா. செவுரு பூரா படம். எத்தன அடின்னு செவுத்தப் பாத்தே சொல்லிடலாம் போல.

மனசுக்கு வைத்தியம் பாக்குற அம்மா நம்ம புள்ளகிட்ட, கையால ஏதாவது செய்யி, பேச வரலன்னா பரவால்லன்னாங்களாம். அவ பஞ்சுல டர்பன்டைன் தொட்டு, ஒவ்வொரு நெகட்டிவா நீங்க பூசின பென்சிலத் தொடச்சிருக்கா. தொடைக்கத் தொடைக்க அடி வெளிய வந்துச்சாம். தன் கை நீங்க சொன்ன மாதிரி தானா முறுக்கிக்கல, நீங்கதான் முறுக்கினீங்கன்னு அப்பத்தான் அவளுக்கே நம்பிக்க வந்துச்சாம். இப்ப மாத்திர இல்லாம தூங்குறா. ஒடம்பு கூட கொஞ்சம் பூசினாப்புல இருக்கு.

ஆடாதீங்க. மூக்குக்குக் கீழ வழிக்கணும்.

எனக்குத்தாங்க தூக்கிவாரிப் போட்டுச்சு. கூடத்துப் படத்த தெனம் பாத்துப் பாத்து, அன்னிக்கு நான் நல்லாத்தான் இருந்திருக்கேன்னே நெனச்சுட்டேன். என் கன்னத்த விட உங்க பென்சிலத்தான் நம்பியிருக்கேன். படத்துக்கு முன்னாடி யாரோ ஒரு பொண்ணு, என்னையும் படத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, வலிச்சுதாம்மான்னு கேட்டா. ஆமா தாயின்னேன். வெளிய வந்தப்ப காலு லேசா இருந்துச்சு, பஸ்ஸுக்கு நிக்காம நடந்தே வந்துட்டேன்.

என்ன, உங்க படமா? ஒண்ணு கூட இல்லைங்க. எப்பவும் கேமராவுக்குப் பின்னாடியே நின்னா எப்படி விழுவீங்க? அப்பாவ இப்ப வந்து ஒண்ணு எடுத்துக்கலாம்லன்னு நானே அவகிட்ட கேட்டேன். வேணாம்மா, முடிஞ்சிருச்சுன்னா. கோவமா சொல்லலைங்க. வயிறு நெறஞ்சவ இன்னொரு வாய் வேணாங்குற மாதிரி சொன்னா. கோவமா சொல்லியிருந்தா கூட உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

அந்தா, வண்டி வந்து நிக்குது. அவ இல்லைங்க. அவ வர்றான்னு நான் எப்பச் சொன்னேன்? ஆள் வர்றாங்கன்னுதான் சொன்னேன். எந்திரிக்க முடியாதவங்கள வெச்சுப் பாத்துக்குற எடமாம், சுத்தபத்தமா இருக்கு, போயி பாத்துட்டுத்தான் வந்தேன். அங்க சவரமெல்லாம் எப்பவாவதுதான் பண்ணி விடுவாங்களாம், அதான் ஒட்ட வழிச்சேன். உங்க சட்டையெல்லாம் பையில இருக்கு. நான் மக வீட்டுக்குப் போறேன். அவ ஒரு ரூம ஒழிச்சு வெச்சிருக்கா.

கையத் தொடாதீங்க, ஈரமா இருக்கு.

உள்ள வாங்க தம்பி, கதவு தொறந்துதான் இருக்கு. இவருதான். பேச்சுதான் வராது. காது ரொம்ப நல்லா கேக்கும்.