ஓடுறதெண்டா கடலப் பாத்து

கல்முனை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவர் மூத்தவரிடம் சொன்னார்:

"ராத்தா, உங்கட மகனுக்குச் சொல்லுங்க. ஓடுறதெண்டா கடலப் பாத்து ஓடட்டும்."

"ஆமியில சிப்பாயாச் சேரத்தானே புள்ள ஓடிப் பழகுறான். வாற கிழம ஓட்டச் சோதன."

"ஓடட்டும். ஆனா சுபஹுத் தொழுகைக்குப் பொறகு கடக்கரையிலிருந்து ஊருக்குள்ள ஓடி வாறானே. கடல் வந்திட்டெண்டு நெனச்சு எங்கட மாமியும் அவனுக்குப் பொறத்தால பள்ளிவாசல் வரைக்கும் ஓடிட்டா. சுனாமியில ரெண்டு புள்ளையக் குடுத்த மனிசி."

நான் யன்னலால் கடல் பக்கம் பார்த்தேன். மூத்தவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"அவன் அப்பிடி வாறதக் கண்டா எனக்கும் நெஞ்சு பதறுதுதான். திரும்பி வரக்குள்ள நடந்து வா மனே எண்டன். நடக்கிறவன ஆமியில எடுக்க மாட்டாங்களாம்."