எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் தொங்கிய கை

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கோர்வையாக எழுத வராது. காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதே சில நாள் மறந்துபோகிறது. இது மட்டும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிறோம். போடிமெட்டு ஏற்றம். விடிந்துவிட்டது. மூடுபனி. கீழே பூட்ஸ் சத்தம். கற்கள் சரிந்து உருளும் சத்தம். அய்யா தம்பியைத் தோளில் வைத்திருக்கிறார். அம்மா தலையில் மூட்டை. நான் கடைசி. எனக்கு ஒன்பது வயது.

முதல் செர்மன் சண்டைக் காலம். சித்திரை மாதம். எங்கள் ஊர் மலைக்குக் கீழே, வெள்ளைக்கார சர்க்காரில். அங்கே ரேகைச் சட்டம். எங்கள் சாதியில் ஆண்பிள்ளையாய்ப் பிறந்தால் பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். திருடினானா என்று கேட்பதில்லை. பதிந்தவன் தினமும் இருட்டியதும் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும். அவர்களைச் சண்டைக்குச் சுமை தூக்கக் கப்பலேற்றுகிறார்கள் என்றும் பேச்சு. அய்யா பதியவில்லை.

மலைக்கு மேலே திருவிதாங்கூர். மகாராஜாவும் வெள்ளைக்காரனுக்கு அடங்கியவர்தான். ஆனாலும் அவர் மண்ணில் அவர் சட்டம். ரேகைச் சட்டம் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். அதை நம்பித்தான் ஓடினோம்.

கல் தெரிகிறது. ஒரு பாறைத் திட்டின் மேல் நட்டிருக்கிறது. திட்டு என் தலைக்கு மேல் உயரம். அய்யா சிரிக்கிறார்.

“அந்தா கல்லு! தாண்டிட்டா நாம மகாராசா வீட்டு விருந்தாளிக!”

“மொதல்ல ஏறுங்க. விருந்து பெறகு திங்கலாம்,” என்றாள் அம்மா. அவள் சிரித்து நான் கேட்டது அதுவே கடைசி.

அய்யா ஏறினார். தம்பியை இறக்கிவிட்டார். அம்மாவைத் தூக்கிவிட்டார். மூவரும் தாண்டிவிட்டார்கள். நான் கீழே நின்றேன்.

“நில்லுடா! சுட்டுருவேன்!” பின்னாலிருந்து.

“பேச்சி, கையக் குடுத்தா!” அய்யா குப்புறப் படுத்து வலது கையைக் கீழே நீட்டுகிறார். பிடிக்கிறேன்.

வெடி. அவர் கை என் கையை இறுக்குகிறது. பிறகு விட்டுவிடுகிறது.

அம்மா என் முடியைப் பிடித்து மேலே இழுத்தாள். இன்னொரு வெடி. பாறையில் பட்டு ணங் என்றது. வெடி மூன்று என்று அம்மா சாகும்வரை சொன்னாள். எனக்கு இரண்டுதான் நினைவு.

மேலே மகாராஜாவின் சவுக்கை. ஏலக்காய் கடத்தாமல் பார்க்கிற காவல் குடிசை. அங்கிருந்த காவலர் ஓடி வந்தார். “கல்லு கடக்கருது! இது திருவிதாங்கூரா!” என்று மலையாளத்தில் கத்தினார், கல்லைத் தாண்டாதே என்று.

போலீஸ்காரர் மூவர். கல்லைத் தாண்டவில்லை. திட்டுக்குக் கீழேயே நின்றார்கள். அய்யாவின் உடம்பு மேலே. வலது கை மட்டும் கீழே தொங்குகிறது.

“நாங்க எங்கய்யா தாண்டுனோம்? கை எங்க பக்கந்தான் தொங்குது,” என்றான் ஒருவன். பையைத் திறந்தான். மை டப்பா. பதிவுத் தாள். கட்டை விரலில் தொடங்கிச் சுண்டு விரல் வரை ஐந்தையும் பதிந்தான். நிதானமாக. இடது கை அய்யாவின் நெஞ்சுக்கு அடியில் மாட்டிக் கிடந்தது. அதற்காக எட்டினான்.

“தொடருது!” தொடாதே என்று காவலர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்.

“அஞ்சே போதும்டா,” என்று அவர்கள் இறங்கிப் போனார்கள்.

அம்மா இரண்டு பக்கத்துப் போலீஸ் கச்சேரிக்கும் நடந்தாள். மேலே சொன்னார்கள்: சுட்டவன் அந்த சர்க்கார் ஆள், நம் சட்டம் அவனைத் தொடாது. கீழே சொன்னார்கள்: செத்தது திருவிதாங்கூர் மண்ணில், அதை நாங்கள் விசாரிக்க முடியாது, மேலும் அவன் ரேகை பதிந்துவிட்டு ஓடியவன்.

போனவை இவை. அய்யா. தம்பி, பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கம் தேயிலைத் தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டில், அந்த மழைக்காலத்துக் காய்ச்சலில். கீழே எங்கள் வீடு; கூரையைப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்வி. இரண்டு ஆடு. பிறகு அம்மா. அந்தக் கையைப் பிடித்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

படித்தவர்கள் யாராவது பழைய ரேகைத் தாள்களைத் தேடிப் பாருங்கள். ஊர், தேதி நான் தப்பாகச் சொல்லலாம். வலது கைக் கட்டங்களில் ஐந்து விரல் இருந்து, இடது கைக் கட்டங்கள் ஐந்தும் காலியாக இருந்தால், அது எங்கள் அய்யா. அவர் பதியவில்லை என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.