வரிசையில நிக்கிற பன்னெண்டு மெயில்

ஐயோ, இன்னும் அழுத்தாதீங்கண்ணே! முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இப்ப அனுப்பினா இன்னிக்கு எழுதினது மட்டும் போகுமா, இல்ல வரிசையில நிக்கிற எல்லாமே போயிருமா?

எல்லாமேவா? நல்லா மாட்டிக்கிட்டேன்.

உங்களைச் சொல்லல. நெட் கம்பெனிக்காரன் மெயில் வெளிய போற போர்ட்டு, அந்த இருபத்தஞ்சாம் நம்பர் வாசலை மூடிட்டான், ஐநூத்தி எண்பத்தேழைப் போட்டு, பாஸ்வேர்டு கட்டத்துல டிக் அடிச்சா மெயில் வெளிய போகும். அதானே? ஒன்பதாவதோட படிப்பை நிறுத்தினவ எனக்கே புரிஞ்சிருச்சு.

ரெண்டு வாரமா வர்றது வருது, என்னுது எதுவும் போகல. நான் என்ன பண்ணேன்? மோடத்தை ஈரத்துணியால துடைச்சேன். கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சேன். கடைசியில டிம்பூலா ஊர்ல இருக்கிற எங்க விவசாயக் கண்காட்சிச் செயலாளர் வீட்டுக்கு, கையால எழுதின கடுதாசியோட கார் ஓட்டிக்கிட்டுப் போனேன். என்னடி மர்லீன், உங்க வீட்டுத் தூதுப் புறா செத்துப்போச்சான்னு கேட்டா!

பழக் கேக் எடுத்துக்கோங்க. அடியைத் திருப்பிப் பாருங்களேன், கோடு இருக்கா? இருக்காது. கம்பித் தட்டுல ஆற வெச்சா கோடு விழும். கோடு விழுந்த கேக்குக்கு எங்க கண்காட்சி கேக் போட்டியில பரிசு கிடையாது. நான் துண்டு விரிச்சு, அது மேலதான் வெப்பேன். வேற என்ன தெரியும் எனக்கு?

எத்தனை நிக்குது? பன்னெண்டா? ஒண்ணு போட்டிப் பட்டியல், அது அஞ்சு மணிக்குள்ள போயாகணும். மத்த பதினொண்ணும்... பேரைப் படிச்சிட்டீங்களா? ஆமா, வெர்லி. என் தங்கச்சி. இப்ப டாஸ்மேனியாவுல இருக்கா. எதுவும் போகலன்னு தெரிஞ்சப்புறந்தான் தினம் ஒண்ணு எழுதினேன். போகாத மெயிலுக்கு என்ன வீரம் வேண்டிக்கிடக்கு!

அழிச்சிருங்க. எல்லாத்தையும்... இருங்க, இருங்க. நேத்து எழுதினது இருக்கட்டும். அது ரெண்டே வரி.

ஆறு வருஷம் முன்னாடி, அவ இங்க பக்கத்துல இருந்தப்ப, அவ அடுப்பு கெட்டுப்போச்சு. போட்டிக் கேக்கை என் அடுப்புல சுட்டு, துண்டு மேலதான் ஆற வெச்சிட்டுப் போனா. அவ தலை மறைஞ்சதும் கம்பித் தட்டுக்கு மாத்தினது நான். அந்த வருஷம் முதல் பரிசு எனக்கு. அதுக்கப்புறம் அவ கேக்கே சுடறதில்ல. இன்னமும் ஞாயித்துக்கிழமை போன்ல, அந்தக் கோடு எப்படி விழுந்துச்சுன்னே தெரியலக்கான்னு என்கிட்டதான் கேக்குறா.

சரி, அழுத்துங்க. நான் பார்க்கல. டீக்குப் பால் எவ்வளவு ஊத்தட்டும்?