அவர் பெயர் இல்லாத ஒரே கட்டுரை

இருந்தவர்கள்: செல் உயிரியல் ஆய்வாளர் சங்கரி. ஒன்பது வருஷமாக அவருடைய ஆய்வகத்தைத் துடைத்துப் பூட்டும் உதவியாளர் ஜெயக்குமார், ஊர் கருங்குழி. துறைத் தலைவர் லக்ஷ்மிநாராயணன். இவரை யாரும் கூப்பிடவில்லை. இடம், திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு கல்லூரியின் செல் வளர்ப்பு அறை. பிற்பகல் மூன்று மணி. சங்கரிக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்த அறை கையை விட்டுப் போகக்கூடாது.

லக்ஷ்மிநாராயணன்: ...அதனாலதான் சொல்றேன் சங்கரி, இந்த ரூமை யாருக்குக் குடுக்கறதுன்னு கமிட்டி என்னைத்தான் கேக்கும்.

ஜெயக்குமார்: சார், செருப்பு...

லக்ஷ்மிநாராயணன்: என்னய்யா?

ஜெயக்குமார்: வெளிய வுடணும் சார். தூசி வந்தா செல்லுக்கு ஆவாது. மந்திரி வந்தாலும் வெறுங்காலுதான்.

சங்கரி: கழட்டிடுங்க சார். அவர் என்னையே விடமாட்டார்.

லக்ஷ்மிநாராயணன்: சரி, சரி... உன் பேர்ல மொத்தம் எத்தனை கட்டுரை?

சங்கரி: நாலு.

லக்ஷ்மிநாராயணன்: ஒன்பது வருஷத்துல நாலு. என் பேர்ல...

சங்கரி: நூத்தி நாப்பத்தாறு. துறையில யார் எழுதினாலும் கடைசியில உங்க பேர் வரணுமே.

லக்ஷ்மிநாராயணன்: அந்த வழக்கத்தை நான் கொண்டுவரலம்மா. எனக்கு முன்னாடி இருந்தவர்...

ஜெயக்குமார்: ஹாஸ்டல் கொசுவப் பத்தி எழுதுனதுல கூட சார் பேரு கீது.

சங்கரி: ஜெயக்குமார்.

ஜெயக்குமார்: பெருமையாத்தான் மேடம் சொல்றேன்.

லக்ஷ்மிநாராயணன்: இப்ப புது விதி. எத்தனை கட்டுரைன்னு பார்க்க மாட்டாங்களாம். எத்தனை சைட்டேஷன்னுதான் பார்ப்பாங்களாம்.

ஜெயக்குமார்: அப்டின்னா இன்னா சார்?

சங்கரி: நாம எழுதினதை வேற ஊர்ல வேலை செய்யறவங்க படிச்சுட்டு, அவங்க கட்டுரையில நம்ம பேரைச் சொல்றது.

ஜெயக்குமார்: மேடத்துக்கு எவ்ளோ?

சங்கரி: ஒரு கட்டுரைக்கு மட்டும் ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு.

ஜெயக்குமார்: சாருக்கு?

சங்கரி: எல்லாம் சேர்த்து முந்நூத்தி நாலு. அதுல பாதி அவரே அவரைச் சொல்லிக்கிட்டது.

ஜெயக்குமார்: அது போங்காட்டம் சார்.

லக்ஷ்மிநாராயணன்: அந்த ஒரு கட்டுரையைப் பத்தித்தான் பேச வந்தேன். அதுல மட்டும் என் பேர் இல்ல.

சங்கரி: இருந்துச்சு. நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க.

லக்ஷ்மிநாராயணன்: அது அப்ப...

சங்கரி: பாட்டில்ல நுரையீரல் செல்லுன்னு எழுதி வெச்சிருந்தது நுரையீரலே இல்ல. வேற செல் உள்ள புகுந்து இடத்தைப் பிடிச்சிருந்துச்சு. துறையே வருஷக்கணக்கா தப்பான செல்லை வெச்சு எழுதியிருக்கோம்னு சொன்னேன். அதை எப்படிச் சோதிக்கறதுன்னும் எழுதினேன். இந்த அசிங்கத்துல என் பேர் வேணாம்னு மெயில் போட்டீங்க.

லக்ஷ்மிநாராயணன்: உன் கட்டுரையும்தான் அதுல மாட்டிச்சு.

சங்கரி: மூணு. நானே வாபஸ் வாங்கினேன். ஏழு நாலானது அப்படித்தான். உங்க மத்ததெல்லாம் அப்படியே இருக்கு.

லக்ஷ்மிநாராயணன்: அதை விடு. பத்திரிகைக்கு ரெண்டு வரி திருத்தம் அனுப்பி என் பேரைச் சேரு. ரூம் உனக்குத்தான்னு நான் எழுதிடறேன்.

சங்கரி: அனுப்பலைன்னா?

லக்ஷ்மிநாராயணன்: ரூம் போயிடும். செல்லை வீட்டு ஃப்ரிட்ஜ்லயா வளர்ப்ப?

சங்கரி: நீங்க என்ன வேலை செஞ்சீங்கன்னு பத்திரிகை கேக்கும். என்ன எழுதட்டும்?

லக்ஷ்மிநாராயணன்: ஆலோசனைன்னு...

ஜெயக்குமார்: அதுக்கு எம் பேரைப் போடலாம் மேடம். கரண்டு போறப்பல்லாம் ஓடிப்போய் ஜெனரேட்டர் போட்டது நானு.

சங்கரி: உங்க பேர் இருக்கே. கடைசிப் பக்கத்துல, நன்றி சொல்ற இடத்துல.

ஜெயக்குமார்: ...மெய்யாலுமா?

சங்கரி: கருங்குழி ஜெயக்குமார்னே போட்டிருக்கேன்.

லக்ஷ்மிநாராயணன்: சங்கரி, கடைசியா கேக்கறேன்.

சங்கரி: முடியாது சார்.

லக்ஷ்மிநாராயணன்: ரூமை இழந்துட்டு வந்து நிக்காத.

சங்கரி: நிக்க மாட்டேன். போய்ட்டு வாங்க சார்... ஜெயக்குமார், கதவைச் சாத்திப் பூட்டிடுங்க.

ஜெயக்குமார்: சாத்திட்டேன்... பூட்டிட்டேன். ஏன் மேடம், அவரு ரூமு போய்டும்னு சொல்லிட்டுப் போறாரு, நீங்க சிரிச்சிகினு கீறீங்க?

சங்கரி: நீங்களும்தான் சிரிக்கிறீங்க.

ஜெயக்குமார்: காலையில ஆபீஸ்லர்ந்து கமிட்டி கவரை எடுத்தாந்தது நான்தானே. ஒட்டாம குடுத்தாங்க... படிச்சிட்டேன்.

சங்கரி: அப்ப கீழ பார்த்திருப்பீங்களே. அஞ்சு வருஷத்துக்கு ரூம் நமக்குன்னு, என்னன்னு படிக்காமலே முதல் கையெழுத்து போட்டிருக்கறதே அவர்தான்.