எட்டு வரி, முதலில் நன்றி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அதைத் தவிர வாழ்க்கையில் நான் எதற்கும் பிடிவாதம் பிடித்ததில்லை. இதை என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் எழுதும் மளிகைச் சீட்டைக்கூட ஓரம் விட்டு, வரிசைப்படுத்தி மறுபடி எழுதிக் கொடுக்கிறேன் என்று அவளுக்கு மனத்தாங்கல். கடைக்காரர் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

விசாரணைக் குழுவினர் நீங்கள் மூவரும் 'ஏன் செய்தீர்கள்' என்று கேட்டீர்கள். அதற்கு நான் இந்தக் கல்லூரிக்கு மக்கள் தொடர்பு அலுவலராக வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது வாசல் பலகையில் ஒரு நீலம், பேருந்தில் வேறொரு நீலம், அடையாள அட்டையில் கிட்டத்தட்டக் கத்தரிப்பூ நிறம். கல்லூரிச் சின்னத்தில் இருக்கும் கொக்கு கடிதத்தாளில் இடப்பக்கம் பார்த்தது, சான்றிதழில் வலப்பக்கம் பார்த்தது. மைதானச் சுவரில் பெயிண்டர் தன் இஷ்டத்துக்கு அதன் வாயில் ஒரு மீனையும் கொடுத்திருந்தார்.

கடிதங்கள் அதைவிட மோசம். ஆளாளுக்கு ஒரு பாஷை. வேதியியல் பேராசிரியரை மாணவர்கள் 'ஆச்சரியக்குறி' என்றுதான் சொல்வார்கள். 'நாளை செய்முறைத் தேர்வு' என்று எழுதினாலும் பின்னால் மூன்று குறி போடுவார். பெற்றோர்கள் ஏதோ விபரீதம் என்று பயந்து ஃபோன் செய்வார்கள்.

மாடிப்படிக்கும் ஜெராக்ஸ் அறைக்கும் நடுவில் எனக்கு ஓர் அறை தந்தார்கள். அதில் உட்கார்ந்து இரண்டு வருடத்தில், கல்லூரியின் கடிதத்துக்கும் சின்னத்துக்குமான விதிக் கையேட்டை எழுதி முடித்தேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள். ஒரே நீலம். கொக்கைச் சுற்றிக் கட்டைவிரல் அகலம் வெற்றிடம். கடிதம் எட்டு வரிக்கு மேல் போகக் கூடாது, முதல் வரியில் நன்றி, எந்த வரியிலும் கோபமோ முறையீடோ கிடையாது. கல்லூரியின் பெயரில் போகிற எந்தத் தாளும் என் அறை வழியாகத்தான் போக வேண்டும் என்பது ஏழாவது விதி. ஆச்சரியக்குறி ஆளுக்கு வருடத்துக்கு ஒன்று. அந்தப் பேராசிரியர் தன் பங்கை ஜனவரி முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டு, மீதி வருடம் முழுக்க என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அதில் வருத்தமில்லை.

கையெழுத்து விஷயத்தை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது சின்ன ஒழுங்கு. ஒருவர் கடிதத்தின் பாதியை அடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார், இன்னொருவர் எறும்பு போல ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். பார்க்கச் சகிக்காது. அதனால் எல்லோரையும் நான்கு சென்டிமீட்டர் பெட்டிக்குள் கையெழுத்துப் போடச் சொன்னேன். அதைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றினேன். இயற்பியல்காரரின் கையெழுத்துக்கு ஒரு நீண்ட வால் இருந்தது, அதை நறுக்கினேன். அதன் பிறகு யாரும் என் அறைவரை நடக்க வேண்டியதில்லை. விஷயத்தைச் சொன்னால் போதும், எழுதுவதும் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. வேலை குறைகிறது என்றால் மனிதர்கள் கையை வெட்டியே கொடுத்துவிடுவார்கள்.

மூன்றாம் மாடித் தீ விபத்தைப் பற்றியும் கோப்பில் ஏதோ இருக்கிறதாமே. அது விபத்தே இல்லை, கொஞ்சம் புகை. 'மூன்றாம் மாடியைப் பயன்படுத்துவதற்கு நன்றி. தற்போது அங்கு வெப்பநிலை மாறியுள்ளது' என்று அறிவிப்பு போட்டேன். அதைச் செதுக்கப் பதினோரு நிமிடம் பிடித்தது. இரண்டு மாணவர்களுக்கு ஒரு வாரம் இருமல் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

நம் தாளாளர் இங்கே வந்தவரில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தொலைவில் வேறொரு நகரத்தில் இருந்தவர். கல்லூரியை அவர் கடிதங்களில்தான் பார்த்தார், கல்லூரியும் அவரை அப்படித்தான் பார்த்தது. அவர் முகவரி கல்லூரியில் என் இழுப்பறையில் மட்டும் இருந்தது. மாதம் ஒருமுறை ஃபோனில், "ஏதாவது நல்லதா எழுதிடுங்க சார், நான் சொன்னதாவே இருக்கட்டும்" என்பார். எழுதுவேன். அவர் கையெழுத்துப் பெட்டியும் என் கணினியில் இருந்தது.

இப்படி ஒன்பது வருடம் நீரோட்டமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதிய முதல்வர் அம்மா வந்தார்.

நல்ல மனுஷி. அதை நான் மறுக்கவில்லை. வந்த அன்றே எல்லோரையும் போல, எதற்கு என்று கேட்காமலே, பெட்டிக்குள் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். பச்சை மையில், கையால் எழுதியது. 'பிள்ளைகளா, நாளைக்கு மழை கொட்டப் போகுதாம். குடை எடுத்துட்டு வாங்க. இல்லாதவங்க என் ரூமுக்கு வாங்க, நாலு இருக்கு.' கீழே ஒரு குடைப் படம். கம்பி ஒன்று கோணல். கொக்கு இல்லை, நீலம் இல்லை, நன்றி இல்லை. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று படித்தார்கள். ஒரு பெண் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். என் அறிவிப்பை ஒன்பது வருடத்தில் ஒருவரும் படம் எடுத்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சார், இங்க எல்லா லெட்டரும் ஒரே ஆள் எழுதின மாதிரியே இருக்கே" என்றார்.

"ரொம்ப நன்றி மேடம்" என்றேன்.

"பாராட்டா சொல்லலை சார். அடுத்த பருவத்திலேர்ந்து அவங்கவங்க அவங்கவங்க பாணியில எழுதட்டும். உங்க கையேட்டை நூலகத்துல பத்திரமா வெச்சிடலாம்."

ஆச்சரியக்குறி மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார். நூலகத்தில் எதைப் பத்திரமாக வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே மேல் அடுக்கில் இருப்பதைத் தூசி தட்டக்கூட ஆள் போக மாட்டார்கள். அந்தப் பருவம் தொடங்க ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு விதியும் செத்துவிடும். அவரா, கையேடா என்று ஆகிவிட்டது. நான் அவரை வெறுக்கவில்லை. ஒரு கடிதத்தில் பொருந்தாத வரி இருந்தால் அதை நாம் வெறுப்பதில்லை, எடுத்துவிடுகிறோம்.

அவருடைய ராஜினாமாக் கடிதத்தை ஒரு முற்பகலில் எழுதினேன். எட்டு வரி. தாளாளரின் பதிலை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினேன். மரியாதைக்காக நான்கு நாள் தேதி தள்ளிப் போட்டேன். 'தங்கள் சேவைக்கு நன்றி. தங்கள் முடிவை வருத்தத்துடன் ஏற்கிறோம்.' கல்லூரி வரலாற்றிலேயே அழகான கடிதப் போக்குவரத்து அதுதான் என்பேன்.

பதில் கைக்குக் கிடைத்ததும் அம்மா என் அறைக்கு ஓடி வந்தார். "சார், நான் ராஜினாமா பண்ணவே இல்லையே, என்ன இது?"

நகலை எடுத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து என்னோடதுதான்" என்றார். அதில் நான் ஒரு கோடும் மாற்றவில்லை என்பதால் எனக்குக் கூச்சமில்லாமல் தலையாட்ட முடிந்தது.

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. தாளாளருக்கு ஒன்பது பக்கம் எழுதி, பச்சை மையில்தான், ஏழாவது விதிப்படி என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார். "எப்படியாவது அவர் கைக்குப் போயிடணும் சார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பையனுக்கு நடு வருஷம்" என்றார். அன்று மாலையே சீர் செய்தேன். கோபத்தை எடுத்தேன். முறையீட்டை எடுத்தேன். நீளத்தைக் குறைத்தேன். கடைசியில் மிஞ்சியது எட்டு வரி நன்றி. அதற்குத் தாளாளர், 'தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி' என்று பதில் போட்டார்.

இரண்டாவது முறை ஐந்து பக்கம் எழுதினார். அதற்கும் நன்றிதான் பதிலாக வந்தது. மூன்றாவது முறை இரண்டே பக்கம். மை நீலமாகியிருந்தது. முதல் வரியில் அவராகவே நன்றி போட்டிருந்தார். "இப்படி எழுதினாலாவது படிப்பாரான்னு பார்க்கிறேன் சார்" என்றார். வேலை அழுத்தத்தில் அவரே எழுதிவிட்டு மறந்திருப்பார் என்று கணவர் சொன்னாராம். மருத்துவர் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தாராம். "ஒருவேளை நானேதான் எழுதினேனோ சார்?" என்று என்னிடம் கேட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். விரைவில் குணமடையக் கல்லூரியின் சார்பில் ஒரு வாழ்த்துக் கடிதமும் அனுப்பினேன்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் வீட்டைக் காலி செய்த கையோடு அந்த அம்மா யாரோ பழைய மாணவரிடம் தாளாளரின் முகவரியை வாங்கிக்கொண்டு நேரில் போய்விட்டார். கதவைத் திறந்தது மகள், அதாவது உங்களை இங்கே அனுப்பிய இப்போதைய தாளாளர். "அப்பாவா? அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சே. உங்க காலேஜ்லேர்ந்து ஒரு துக்க விசாரிப்புகூட வரலையேன்னு நாங்க வருத்தப்பட்டுட்டோம்" என்றாராம்.

ஆம், மகள் அப்போதே தகவல் எழுதியிருந்தார். கிழித்த நோட்டுத்தாளில் நான்கு வரி. 'அப்பா நேத்து காலைல போயிட்டார். காலேஜ்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.' அதை மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. பேராசிரியர் இறந்தால் எப்படி அறிவிப்பது என்று எண்பத்தெட்டாவது விதி சொல்கிறது. தாளாளர் இறந்தால் என்ன செய்வது என்று விதி இல்லை. விதியை எழுதிவிட்டு அறிவிக்கலாம் என்று அந்தத் தாளைக் கோப்பில் வைத்தேன். வேலைப் பளு. இதற்கிடையில் விடுமுறைக்கு ஒப்புதல் வேண்டும், புதிய பேருந்துக்கு ஒப்புதல் வேண்டும், இந்த அம்மாவின் நியமனத்துக்கே ஒப்புதல் வேண்டும். எல்லாவற்றையும் தாளாளர்தான் கொடுத்தார். உயிரோடு இருந்தபோதும் அவர் கடிதங்களை நான்தானே எழுதினேன். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் பிந்தைய கடிதங்களில் ஒரு நிதானம் கூடியிருக்கிறது.

எனவே ஒப்புக்கொள்கிறேன். ராஜினாமாவை எழுதியது நான். ஏற்றது நான். அவருடைய மூன்று கதறலையும் நன்றியாக மாற்றியது நான். இறந்தவரை இரண்டு வருடம் வேலை வாங்கியதும் நான்தான். இதில் எதையும் பூசி மெழுகப் போவதில்லை.

ஆனால் நான் அந்த அம்மாவுக்குக் கெடுதல் செய்தேன் என்று நீங்கள் சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. அவருக்கு வேலையைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். முந்தாநாள் நீங்கள் அவர் முன்னால் ஒரு கட்டுத் தாளும் நான்கு நிறப் பேனாவும் வைத்து, "உங்க மனசுல இருக்கிறதை உங்க வார்த்தையிலேயே எழுதுங்க மேடம், எவ்வளவு பக்கம் வேணும்னாலும்" என்றீர்கள். ஒன்றரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து எழுதினாராம். சற்று முன் அதை எனக்குப் படித்துக் காட்டி, தாளையும் என் முன்னால் வைத்தீர்கள். படிக்கும்போது உங்கள் குரல் ஏன் அப்படிக் கம்மியது என்று எனக்குப் புரியவில்லை.

எட்டு வரி. முதல் வரியில் எனக்கு நன்றி. குவார்ட்டர்ஸ் போனது, பையனின் பள்ளி போனது, தூக்கம் போனது எல்லாம் 'சில நடைமுறை மாற்றங்கள்' என்று ஒரே வரியில். ஒரு கடுஞ்சொல் இல்லை. நீல மை. கையெழுத்து நான்கு சென்டிமீட்டருக்குள் கச்சிதம், பெட்டியே போடாத தாளில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அதில் கை வைக்கவில்லை. வைக்க இடமே இல்லை.

என்னைப் பற்றி நீங்கள் என்ன முடிவு வேண்டுமானாலும் எடுங்கள். அந்த அம்மா இப்போது நன்றாக எழுதுகிறார்.